தீபாவளியா, முட்டை தினமா, கடையின் பிறந்தநாளா? வடசென்னைக் கடைக்காரர் ஆஃபருக்கு எந்த நாளைப் பிடிப்பது

பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருப்பதால், இந்தப் பக்கத்துக் கடைகள் எப்போது என்ன ஆஃபர் போடப்போகின்றன என்பது எனக்குத் தெருவுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். முன்பெல்லாம் நோட்டீஸ் அடிக்க வருகிறவர்கள் தீபாவளி, பொங்கல், ஆடி என்று மூன்றே பெயர்தான் சொல்வார்கள். இப்போது கடைக்காரரின் மகனோ மகளோ வந்து போனை நீட்டி, "அங்கிள், அடுத்த வெள்ளிக்கிழமை உலக முட்டை தினமாம், அதுக்கு ஒண்ணு போடலாமா?" என்கிறார்கள். தாராளமாகப் போடலாம், எனக்கும் வியாபாரம்தான். ஆனால் அது அந்தக் கடைக்கு லாபமா என்பது வேறு கேள்வி.

வருடத்துக்கு மூன்று நான்கு தடவைக்கு மேல் விளம்பரத்துக்குக் காசு ஒதுக்க முடியாத கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. எல்லாரும் போடும் பெரிய பண்டிகை, முட்டை தினம் இட்லி தினம் போன்ற வினோத நாட்கள், இந்த ஊரின் சரித்திர நாட்கள், கடை தனக்கென்று உண்டாக்கிக்கொள்ளும் நாள். எதைத் தேர்ந்தெடுத்தாலும், முதலில் பார்க்க வேண்டியது இணையத்தில் கிடைக்கும் பட்டியல் அல்ல. கல்லாப்பெட்டிக்கு மேல் தொங்கும் தினசரி காலண்டரும் உங்கள் கணக்கு நோட்டும்தான். எந்த வாரத்தில் கடையில் ஈ ஓட்டுகிறீர்கள் என்பது நோட்டில் இருக்கிறது. அந்த வாரத்தில் நம் ஜனங்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பது காலண்டரில் இருக்கிறது. இரண்டையும் பார்த்த பிறகு நாளைத் தேடுங்கள்.

பெரிய பண்டிகை

தீபாவளிக்குக் கையில் பணம் இருக்கும். போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் அது பெரும்பாலும் தீபாவளிக்கு முன்னால்தான் கைக்கு வரும். அந்தப் பணம் துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டுக்கு வந்தே தீரும். ஆகவே துணிக்கடைக்காரருக்கு இதில் தேர்வே கிடையாது, போட்டுத்தான் ஆக வேண்டும். செருப்புக்கடைக்கும் அப்படியே.

மற்றக் கடைகளுக்குத்தான் சந்தேகம். பணத்தோடு வருகிறவர் உங்கள் தள்ளுபடியைப் பார்த்து வரவில்லை, எப்படியும் வாங்கத்தான் வந்தார். 100 ரூபாய்க்கு விற்கும் சாமானில் உங்களுக்கு 25 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீதம் தள்ளினால் நிற்பது 15. நூறு பேருக்கு விற்றுக் கிடைத்த அதே லாபத்தைப் பார்க்க 167 பேருக்கு விற்க வேண்டும். தள்ளுபடிக்குப் பதில் 5 ரூபாய் அடக்கத்தில் ஒரு பொருளை இலவசமாகக் கொடுத்தால் 125 பேர் போதும். கூட்டம் தானாக வரும் நாளில் விலையைக் குறைப்பது, வந்த லாபத்தை வாசலில் நின்று திருப்பிக் கொடுப்பதுதான். இன்னொரு சங்கதி: தீபாவளி வாரத்தில் செய்தித்தாளுக்குள் செருகி வரும் நோட்டீஸ்கள் பேப்பரைவிடக் கனமாக இருக்கும். அதில் உங்களுடையது எட்டாவதா, ஒன்பதாவதா என்று யாரும் பார்ப்பதில்லை. அச்சகங்களிலும் அந்த வாரம் கூலி கூடுதல், வேலை தாமதம். என் கடையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வினோத நாட்கள்

இவற்றைக் கேலி செய்கிறவர்கள் அட்சய திருதியையை நினைத்துப் பார்க்க வேண்டும். பஞ்சாங்கத்தில் அது எப்போதும் இருந்தது. ஆனால் அன்றைக்குக் கட்டாயம் தங்கம் வாங்க வேண்டும் என்று நம் பாட்டிமார் காலையிலேயே வரிசையில் நின்றதாக ஞாபகம் இல்லை. நகைக்கடை விளம்பரங்கள் அதை அப்படி ஆக்கின. சீனாவில் நவம்பர் 11-ஐத் தனியாக இருப்பவர்கள் நாள் என்று மாணவர்கள் விளையாட்டாகக் கொண்டாடிக்கொண்டிருந்ததை 2009-இல் அலிபாபா கையில் எடுத்தது. ஜப்பானில் அதே நவம்பர் 11-ஐ 1999 முதல் ஒரு குச்சி பிஸ்கட்டின் நாளாக்கினார்கள். 11/11 என்று எழுதினால் நான்கு குச்சி நிற்பது போலத் தெரிகிறது, அவ்வளவுதான் காரணம். அமெரிக்காவில் செவன் லெவன் கடைகள் ஜூலை 11 அன்று இலவசமாகக் குளிர்பானம் கொடுக்கும். அவர்கள் தேதி எழுதும் முறையில் அது 7/11. டோனட் தினம் மட்டும் கொஞ்சம் கௌரவமான பிறப்பு. 1938-இல் சிகாகோவில், முதல் உலகப் போரில் சிப்பாய்களுக்கு டோனட் சுட்டுக் கொடுத்த பெண்களை நினைத்துத் தொடங்கியது. இப்படிப்பட்ட நாட்களைத் திரட்டி ஆண்டுதோறும் புத்தகமாகப் போடும் வேலையை மிச்சிகனில் சேஸ் சகோதரர்கள் 1950-களின் இறுதியிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். அதாவது யாரோ ஒரு வியாபாரி அல்லது சங்கம் உட்கார்ந்து உண்டாக்கிய நாட்களே இவற்றில் பாதி. நம் சென்னையிலேயே 2015-இல் இட்லிக்குப் பேர்போன சமையல்காரர் இனியவன் மார்ச் 30-ஐ இட்லி தினம் ஆக்கினார், நின்றுவிட்டது.

சரி, நாள் செயற்கையானது என்பது ஒரு குறை அல்ல. பிறந்த ஊரின் பருவத்தையும் பழக்கத்தையும் அது கூடவே சுமந்து வருகிறது, கோளாறு அங்கேதான்.

முட்டை தினத்தையே பாருங்கள். அக்டோபர் இரண்டாவது வெள்ளிக்கிழமை, அதாவது எப்போதும் 8-இலிருந்து 14-ஆம் தேதிக்குள். அது எந்த வருடமானாலும் புரட்டாசி. மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. வீட்டில் கறிச்சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றியிருப்பார்கள். அந்த வாரத்தில் முட்டைக்கு ஆஃபர் போட்டால் நோட்டீஸ் கூலிதான் மிச்சம். அதே அக்டோபரில் முதல் தேதி உலக சைவ தினம். இது வட அமெரிக்காவில் 1977-இல் தொடங்கியது, அவர்களுக்குப் புரட்டாசி என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் மூலக்கடையிலோ வியாசர்பாடியிலோ பிரியாணிக்கடை வைத்திருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. அந்த மாதம் முழுக்க அவர் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறார். காளான் பிரியாணி, காலிஃபிளவர் 65 என்று அன்றைக்குத் தொடங்கிப் புரட்டாசி முடியும் வரை ஓட்டலாம். பாத்திரம் தனி என்று நோட்டீஸில் போட மறக்கக் கூடாது. போட்டுவிட்டு அதே அண்டாவில் கிளறக் கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

ஐஸ்கிரீம் தினம் ஜூலை மூன்றாவது ஞாயிறு. 1984-இல் அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்தது. அங்கே அது நடுக்கோடை. நமக்கு அக்னி நட்சத்திரம் மே மாதத்தோடு போய்விடுகிறது. ஜூலை மத்தியில் ஆடி பிறந்து, அம்மன் கோயில் வாசல்களில் கூழ் ஊற்ற ஆரம்பித்துவிடுவார்கள். தெருவில் இலவசமாகக் கூழ் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமையில் ஐஸ்கிரீமை ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று விற்பதற்கு ரொம்ப தைரியம் வேண்டும்.

டீ தினத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஐ.நா. 2019-இல் மே 21 என்று முடிவு செய்தது. சென்னையில் மே 21 எப்படி இருக்கும் என்று டீக்கடைக்காரரிடம் கேளுங்கள். மத்தியானம் மோர்க்கடையில்தான் கூட்டம். அதற்கு முன்னால் இந்தியா உள்ளிட்ட தேயிலை நாடுகளில் 2005 முதல் டிசம்பர் 15-ஐ டீ தினமாகக் கொண்டாடி வந்தார்கள். மழை விட்டும் விடாமலும், மார்கழி பிறக்க ஒரு நாள் இருக்கும்போது, வேறெந்தப் பானத்தையும் மனசு கேட்காத நாள் அது. நீங்கள் பழைய தேதியையே வைத்துக்கொள்ளலாம், யாரும் கேஸ் போடப்போவதில்லை.

நன்றாகப் பொருந்தும் நாட்களும் உண்டு. ஜூன் 3 உலக சைக்கிள் தினம், 2018-இல் ஐ.நா. அறிவித்தது. பள்ளிக்கூடம் திறக்கிற வாரம், பிள்ளைகளின் சைக்கிளுக்குக் காற்று, பிரேக், செயின் எல்லாம் பார்க்க வேண்டிய நேரம். சைக்கிள் கடைக்காரர் அன்றைக்கு இலவசமாக எண்ணெய் போட்டுக் காற்றடித்துக் கொடுத்தால் டியூபும் பெடலும் தானாக விற்கும். ஆகஸ்ட் 19 புகைப்பட நாள். 1839-இல் பிரெஞ்சு அரசு புகைப்பட முறையை உலகத்துக்குத் திறந்துவிட்ட தேதி. ஆடி முடிந்து ஆவணி பிறந்து, முகூர்த்த ஓலைகள் எழுதப்படும் வாரம். ஸ்டூடியோக்காரருக்கு ஆவணி ஐப்பசி ஆல்பம் ஆர்டரை முன்கூட்டியே பிடிக்க இதைவிட நல்ல சாக்கு ஏது?

நண்பர்கள் தினம் நம்மிடம் ஆகஸ்ட் முதல் ஞாயிறு. ஃபேன்சி ஸ்டோர்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆஃபர் போடுகிறார்கள். ஆனால் கயிறு கட்டிக்கொள்வது வெள்ளிக்கிழமை கல்லூரியிலும் பள்ளியிலும். வியாழக்கிழமைக்கே நோட்டீஸ் போயாக வேண்டும். அன்னையர் தினம், மகளிர் தினம் எல்லாம் இப்போது தீபாவளி மாதிரி நெரிசலாகிவிட்டன, அவற்றை வினோத நாட்களில் சேர்ப்பதே தப்பு.

நவம்பர் கடைசியில் வரும் அமெரிக்கத் தள்ளுபடி நாளான பிளாக் ஃப்ரைடேயை மட்டும் எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. தீபாவளி முடிந்து பர்ஸ் காலியாகியிருக்கும். போதாக்குறைக்கு வடகிழக்குப் பருவமழை. ஒரு ராத்திரி பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையை மூடிவிடுவார்கள், புளியந்தோப்பு, பட்டாளம் பகுதிகள் முழங்கால் தண்ணீரில் நிற்கும். அடுத்த தெருவிலிருந்தே ஆள் வர முடியாத நாளுக்குத் தள்ளுபடி எதற்கு? ஆன்லைன் கம்பெனிகளுக்கு அது சரி, அவர்கள் வாசலில் தண்ணீர் நிற்பதில்லை.

அப்புறம் டிசம்பர் 26. வெளிநாட்டில் பாக்ஸிங் டே சேல் என்று பெரிய திருவிழாவே நடக்கும். இணையப் பட்டியலைப் பார்த்து இங்கேயும் கேட்கிறார்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்கரைக் குப்பங்களில் அது 2004 சுனாமியின் நாள். காலையில் கடலில் பால் ஊற்றிப் பூப்போட்டு அழுதுவிட்டு வருகிறவர் கையில் தள்ளுபடி நோட்டீஸைத் திணிக்கக் கூடாது. இந்த ஒரு தேதிக்கு ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எந்தக் கணக்கும் பார்க்க வேண்டியதில்லை.

ஊரின் சரித்திர நாட்கள்

வடசென்னைக்குப் பழைய தேதிகளுக்குப் பஞ்சமே இல்லை. ராயபுரம் ரயில் நிலையம் 1856 ஜூன் 28-இல் ஆளுநர் ஹாரிஸ் பிரபுவால் திறக்கப்பட்டது. ஜூலை 1-இல் அங்கிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓட ஆரம்பித்தது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. 1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூரில், பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1955 அக்டோபர் 2-இல் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். ஆகஸ்ட் 22 சென்னை நாள். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் கிடைத்ததாகச் சொல்லப்படும் தேதி, 2004 முதல் கொண்டாடி வருகிறார்கள்.

இந்த நாட்களில் பணம் புரளாது. யாரும் ரயில் நிலையத்தின் பிறந்தநாளுக்காக மிக்ஸி வாங்குவதில்லை. ஆனால் பேச்சு கிளம்பும், பெயர் நிற்கும், செலவும் குறைவு. ராயபுரத்தில் ஒரு ஹோட்டல் ஜூன் 28 அன்று பழைய ரயில் நிலையப் படத்தைச் சுவரில் மாட்டி, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்குக் காலை டிபன் இலவசம் என்று சொல்லட்டும். ஐம்பது பேர் வந்தால் ஐம்பது குடும்பத்துக்கு ஹோட்டல் பெயர் போய்ச் சேரும். ஆனால் ஜூன் 28 மாசக் கடைசி, அதுவும் பள்ளிக் கட்டணம் கட்டிய மாசம். ஆகவே இலவசத்தை 28-இலும், வியாபாரத்துக்கான ஆஃபரைச் சம்பளம் வந்த ஜூலை முதல் வாரத்திலும் வைக்கலாம். சரித்திரமே அந்த மூன்று நாள் இடைவெளியைக் கொடுத்திருக்கிறது.

மே தினம் இதில் தனி ரகம். இந்தியாவில் அதை முதலில் கொண்டாடியது 1923-இல் சென்னையில், சிங்காரவேலர். துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வளர்ந்த பகுதியில் ஆட்டோ ஓட்டுநருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் லோடுமேனுக்கும் அன்று சலுகை கொடுப்பது எடுபடும். ஒரு நிபந்தனை உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்கள் சட்டப்படி சம்பளத்துடன் விடுமுறை. கடையைத் திறந்து ஆளை வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுப்பு. தொழிலாளருக்குச் சலுகை என்று வெளியே எழுதிவிட்டு உள்ளே பையனுக்கு ஒற்றைக் கூலி கொடுத்தால் தெருவே சிரிக்கும்.

சுதந்திர தினம், காந்தி ஜயந்திக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கை. காந்தி படத்தை விளம்பரத்தில் போடுவதற்கு 1950-ஆம் வருடச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. அக்டோபர் 2, திருவள்ளுவர் தினம், மகாவீர் ஜயந்தி, வள்ளலார் நினைவு நாள் போன்ற தேதிகளில் மாநகராட்சி இறைச்சிக்கடைகளை மூடச் சொல்லும். பிரியாணிக்காரர் ஆஃபர் தேதியை முடிவு செய்யுமுன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எம்டனை வைத்து "குண்டு ஆஃபர்" போடலாமா என்று ஒருவர் கேட்டார். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இப்போது அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். போடலாம் என்றே நினைக்கிறேன். தெருவில் யாராவது அந்த நாளுக்கு இன்னும் விளக்கேற்றுகிறார்களா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

கடையின் சொந்த நாள்

கடை திறந்த நாளை ஆண்டுவிழாவாகக் கொண்டாடுவதில் போட்டியே கிடையாது. பக்கத்துக் கடைக்காரர் அதைத் திருட முடியாது. ஆனால் வாடிக்கையாளருக்கு அதில் ஒட்டுதலும் இல்லை. உங்கள் கடைக்குப் பதினோரு வயசானால் அவருக்கு என்ன? அதை அவர் நாளாக்கினால் வேலை செய்யும். கண்ணாடிக்கடையோ மருந்துக்கடையோ பில் போடும்போது பிறந்த மாதத்தை மட்டும் எழுதிக்கொண்டு, அந்த மாதத்தில் வந்தால் சின்னச் சலுகை தரலாம். செலவு வருடம் முழுக்கப் பரவிவிடும்.

இதைவிடப் பெரிய சொந்த நாள் ஒன்று எங்கள் பக்கத்தில் இருக்கிறது, எந்தப் பட்டியலிலும் வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதம் காசிமேட்டைச் சுற்றியுள்ள கடைகளில் கடன் நோட்டு தடிமனாகும். 15-ஆம் தேதி படகுகள் கிளம்புகின்றன. பல நாள் தங்கிப் பிடிக்கிற படகு திரும்பி, ஏலம் போய், டீசல் ஐஸ் செலவு கழித்துப் பங்கு பிரித்து, வீட்டுக்குக் காசு வர ஜூன் கடைசி வாரமாகிவிடும். ஆகவே 15-ஆம் தேதி ஆஃபர் அவசரம். 25-க்கு மேல் போட்டால் செல்போன் கடையிலும் பாத்திரக்கடையிலும் பலன் தெரியும். பழைய பாக்கியை மொத்தமாகக் கட்டுகிறவருக்கு ஒரு சில்வர் டப்பா என்று மளிகைக்கடைக்காரர் ஒருவர் நோட்டீஸ் அடித்தார். நான் பார்த்த ஆஃபர்களில் இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. விலையில் ஒரு பைசா குறைக்காமல் முடங்கிக் கிடந்த பணத்தை எடுத்துவிட்டார்.

ராயபுரம், மண்ணடிப் பக்கம் ரம்ஜானையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருப்பதால், போன வருடம் பொருந்திய நாள் இந்த வருடம் நோன்பின் நடுவில் விழலாம். பகலில் சாப்பாட்டு ஆஃபர் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், கூட்டம் சாயங்காலம் நோன்பு திறந்த பிறகுதான் வரும்.

என்னிடம் கேட்டால்

துணிக்கடைக்கு: ஆடி, தீபாவளி, அதோடு நிறுத்துங்கள். பிரியாணிக்கு அக்டோபர் 1. டீக்கடைக்கு டிசம்பர் 15, மே 1. இட்லிக்கடைக்கு மார்ச் 30 கண்ணை மூடிக்கொண்டு. நம் ஊரில் பிறந்த நாள், சரக்கும் உங்களுடையது, மாசக் கடைசி என்பதால் தட்டு விலை குறைந்தால் ஆள் வரும். ஸ்டேஷனரிக்காரர் ஜூன் பள்ளித் திறப்பை விட்டுவிட்டு வேறெதையும் தேட வேண்டாம். ஃபேன்சி ஸ்டோருக்கு நண்பர்கள் தினமும் செப்டம்பர் 5 ஆசிரியர் தினமும். ஜூலை 20 சதுரங்க நாளுக்குப் போட்டி வைக்கலாமா என்று கேட்கும் விளையாட்டுச் சாமான் கடைக்காரருக்கு என் பதில்: அன்றைக்குக் கேரம் போட்டி வையுங்கள். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைக்காரர். சதுரங்கக் காயா, கேரம் காயா, இந்தத் தெருக்களில் எதை எல்லா வீட்டிலும் தெரிந்து வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எந்த நாளானாலும் நோட்டீஸின் ஓரத்தில் கிழித்துக் கொடுக்கிற மாதிரி ஒரு கூப்பன் வையுங்கள். நாள் முடிந்ததும் கல்லாவில் எத்தனை துண்டு இருக்கிறது என்று எண்ணினால், அடுத்த வருடம் அந்த நாள் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு என்னிடம் வர வேண்டியதில்லை. சாலையோரத்தில் பேனர் கட்டாதீர்கள், மாநகராட்சி அனுமதி இல்லாமல் அது வம்பு. கூப்பனில் கடைசித் தேதியைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லுங்கள். மார்ச் மாத நோட்டீஸை மே மாதம் முந்தானையிலிருந்து எடுத்து நீட்டும் பாட்டிகள் எங்கள் பக்கம் உண்டு. அவர்களிடம் வாதாடி ஜெயித்த கடைக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.